பிரஷர் பம்ப் பைபாஸுக்கு எந்த என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடும் வால்வ்)? ஸ்பிரிங்கா, ஃபிளாப்பா?

மொட்டைமாடி:
வணக்கம். மாடியில் 3 அடி ஸ்டாண்டு மேல் 1000 லிட்டர் டேங்க். டேங்க் அடியிலிருந்து மேல்மாடி ஷவர் வரை இறக்கம் 6 அடிதான், அதனால் ஷவரில் வேகமே இல்லை. அரை எச்.பி. பிரஷர் பம்ப் வைத்து, கரண்ட் போனால் தண்ணீர் நிற்காமல் இருக்க பைபாஸும் (பம்பைத் தொடாமல் சுற்றிப் போகும் குழாய்) போடப் போகிறோம். பம்ப் லைனுக்கும் பைபாஸுக்கும் ஒரே மாதிரி ஒரு இன்ச் பித்தளை ஸ்பிரிங் என்.ஆர்.வி. வாங்கச் சொல்லி பிளம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில் ஃபிளாப் டைப்தான் (உள்ளே கதவு மாதிரி ஆடும் தட்டு வைத்தது) நல்லது என்கிறார்கள். பைபாஸ் என்.ஆர்.வி. டேங்கிலிருந்து நேராகக் கீழே இறங்கும் குழாயில் வரும். சோலார் ஹீட்டருக்கும் இதே டேங்க்தான். எதை எங்கே போடுவது?

குழாய்வழி:
பிளம்பர் சொன்னது பம்ப் லைனுக்குச் சரி, பைபாஸுக்குத் தப்பு. கடைக்காரர் சொன்னது பைபாஸுக்குச் சரி, ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் வைத்தால் அது வேலையே செய்யாது.

முதலில் பைபாஸ். 10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 கிலோ பிரஷர் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு). உங்கள் 6 அடிக்கு 0.18 கிலோதான் கிடைக்கும். ஸ்பிரிங் என்.ஆர்.வி. திறக்கவே சாதாரணமாக 0.03 முதல் 0.05 கிலோ வரை வேண்டும். அதாவது உங்களிடம் இருக்கும் 6 அடியில் ஒன்று, ஒன்றரை அடியை ஸ்பிரிங்கே தின்றுவிடும். திறந்த பிறகும் ஸ்பிரிங் தாங்கும் தட்டு நடுவில் நின்று ஓட்டத்தை மறிக்கும். கரண்ட் போன நேரத்தில் ஷவரில் இப்போது வருவதைவிடவும் குறைவாகத்தான் வரும். ஃபிளாப் டைப்பில் ஸ்பிரிங் கிடையாது. லேசான ஓட்டத்துக்கே கதவு விலகிக்கொள்ளும், உள்வழியும் அகலம்.

ஆனால் ஃபிளாப்பை மூடுவது அதன் சொந்த எடைதான். கீழ்நோக்கி ஓடும் குழாயில் வைத்தால் அந்த எடை கதவைத் திறந்த பக்கமே இழுக்கும். பம்ப் ஓடும்போது தண்ணீர் பைபாஸ் வழியாகத் திரும்ப டேங்குக்கே ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கும். பம்பும் நிற்காது, ஷவரிலும் வேகம் இருக்காது. அதனால் பைபாஸில் படுக்கைவாட்டில் ஒரு துண்டு வருகிற மாதிரி குழாயைத் திருப்பி, வால்வின் மூடி மேல்பார்க்க வையுங்கள். முழங்கையை ஒட்டி வைக்க வேண்டாம். ஒரு இன்ச் குழாய்க்கு 5 இன்ச்சாவது நேர்க்குழாய் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கதவு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். முக்கால் இன்ச் மலிவாகக் கிடைக்கிறது என்று இறங்காதீர்கள். உள்ளே ரப்பர் சீட் (கதவு மூடும்போது உட்காரும் விளிம்பு) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் பித்தளையோடு பித்தளை உட்காருவது குறைந்த பிரஷரில் கசியும்.

பம்ப் டெலிவரிக்கு (பம்பிலிருந்து வெளியே போகும் குழாய்க்கு) ஸ்பிரிங்தான் வேண்டும். பம்ப் நின்றதும் தண்ணீர் திரும்பத் தொடங்குவதற்கு முன்பே ஸ்பிரிங் மூடிவிடும். ஃபிளாப் போட்டால் தண்ணீர் பின்னால் வந்து கதவை அறைந்து சாத்தும். ஒவ்வொரு முறை டேப்பை மூடும்போதும் குழாய் ‘டங்’கென்று அதிரும். பம்பிடம் 1.5, 2 கிலோ இருப்பதால் ஸ்பிரிங் தின்னும் 0.05 கிலோ ஒரு பொருட்டே இல்லை.

யூனியன்_கேட்வால்வ்:
மேலே சொன்னதோடு இடத்தையும் கவனியுங்கள். உங்கள் பம்ப் பிரஷர் சுவிட்ச் (லைன் பிரஷரைப் பார்த்துப் பம்பைத் தானாகப் போட்டு நிறுத்துவது) வைத்ததாக இருந்தால் என்.ஆர்.வி. பம்புக்கும் சுவிட்சுக்கும் நடுவில் வர வேண்டும். சுவிட்சைத் தாண்டி வைத்தால், பம்ப் நின்றதும் சுவிட்ச் பக்கத்துப் பிரஷர் பம்ப் வழியாகவே டேங்குக்கு இறங்கிவிடும். லைனில் பிரஷர் முழுசாக இருந்தாலும் சுவிட்சுக்கு அது தெரியாது, பம்ப் விட்டு விட்டு ஓடும்.

பொருத்தும்போது: குழாய் யுபிவிசியோ சிபிவிசியோ, பித்தளை மரை வைத்த அடாப்டரைத் தனியாகக் குழாயில் ஒட்டிக் காயவிட்டு, அதன் பிறகு வால்வை மரையில் ஏற்றுங்கள். வால்வை மாட்டிக்கொண்டு ஒட்டினால் சால்வென்ட் சிமெண்ட் உள்ளே வழிந்து கதவின் ஓரத்தில் இறுகிவிடும். புது வால்வ் கசிகிறது என்று பலர் திருப்பிக் கொடுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டெஃப்லான் டேப் 10, 12 சுற்று; அதன் நுனி வால்வுக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போடுங்கள். பைபாஸில் ஒரு பால் வால்வும் (கைப்பிடியைத் திருப்பி மூடுவது) வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால், பம்ப் ஓடும்போது அந்தப் பால் வால்வை மூடிப் பாருங்கள். உடனே ஷவர் வேகம் ஏறினால் பைபாஸ் என்.ஆர்.வி. தண்ணீரை விடுகிறது என்று அர்த்தம். உப்புத் தண்ணீராக இருந்தால் மூடியைத் திறந்து வருஷம் ஒரு முறை சீட்டில் படிந்த வெள்ளையைச் சுரண்டி எடுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. பாத்ரூமில் கீசர் இருக்கிறதா? 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது 400 மில்லிக்கு மேல் விரியும். இதுவரை அது குழாய் வழியாகச் சத்தமில்லாமல் டேங்குக்குப் போயிருக்கும். இனி இரண்டு என்.ஆர்.வி.யும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிடும். கீசரின் சேஃப்டி வால்வ் வேலை செய்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சூடாகும்போது அதிலிருந்து சொட்டுவது சரியான அறிகுறி. அந்த ஓட்டையை யாரும் பிளக் போட்டு அடைத்துவிடக் கூடாது.

வெந்நீர்_லைன்:
சோலார் பற்றி. மேலே வென்ட் குழாய் (ஆவியும் காற்றும் வெளியேறும் குழாய்) திறந்திருக்கும் மாடல் என்றால் அதற்குப் போகும் லைனைப் பம்புக்கு முன்னாலேயே, டேங்கிலிருந்து நேராகப் பிரித்துவிடுங்கள். பம்ப் லைனில் சேர்த்தால் 2 கிலோ பிரஷரும் வென்ட் வழியாகத் தண்ணீராகக் கொட்டும்.

அதன் பிறகும் ஒரு தொல்லை உண்டு. மிக்ஸரில் பச்சைத் தண்ணீர் 2 கிலோவில் வரும், வெந்நீர் 0.2 கிலோவில் வரும். இரண்டு திருகையும் திறந்துவிட்டு ஹேண்ட் ஷவரின் பொத்தானை மட்டும் மூடினால் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி சோலார் டேங்கைக் குளிரவைத்து வென்ட்டில் வழியும். வெந்நீர் லைனில் என்.ஆர்.வி. போட்டால் இது நிற்கும். ஆனால் மிக்ஸரில் வெந்நீர் வராது, ஏனென்றால் பச்சைத் தண்ணீரின் பிரஷரே அந்த வால்வை மூடிப் பிடித்துவிடும். இதற்கு வழி இரண்டு பக்கமும் சமமாக இருப்பதுதான். வெந்நீர் தாங்கும் சின்ன பம்ப் ஒன்றை அந்த லைனிலும் வையுங்கள், அல்லது அந்த பாத்ரூமை பம்ப் இல்லாமல் முழுக்க கிராவிட்டியிலேயே விடுங்கள்.

மொட்டைமாடி:
மிக்க நன்றி. பைபாஸைப் படுக்கைவாட்டில் திருப்பிவிடுகிறோம். கீசர் இல்லை, சோலார் மட்டும்தான். கூடவே ஒன்று: சம்ப்புக்கு வரும் கார்ப்பரேஷன் லைனில் போர் தண்ணீரையும் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டுச் சேர்க்க நினைக்கிறோம். நடுவில் ஒரு என்.ஆர்.வி. போதுமா?

குழாய்வழி:
போதாது, அப்படிச் சேர்க்கவே வேண்டாம். சப்ளை நின்ற நேரத்தில் தெருக்குழாய் காலியாகித் தண்ணீரை உள்ளிழுக்கும். சீட்டில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், உங்கள் போர் தண்ணீர் தெருவில் எல்லார் வீட்டுக் குடிநீரிலும் கலந்துவிடும். இரண்டையும் தனித்தனிக் குழாயாகச் சம்ப்புக்குக் கொண்டுவாருங்கள். கார்ப்பரேஷன் குழாயின் வாய், சம்ப் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேல் குழாய் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது உயரத்தில் இருக்கட்டும், எப்படியும் ஒரு இன்ச்சுக்குக் குறையக் கூடாது. ஃப்ளோட் வால்வ் போட்டாலும் அது தண்ணீருக்குள் முங்காதபடி பாருங்கள்.