‘நம்ம வீடு’ குரூப்: சித்தி வீட்டுக் குருவி

வசந்தி சித்தி, காலை 7:12
[போட்டோ]
வேலியில ஒரு குருவி பந்து மாதிரி உப்பிப்போய் உக்காந்திருக்கு. சீக்கா இருக்குமோ?

ரகு மாமா, 7:15
குளிர்ல சதை போட்டிருக்கும்க்கா, நம்ம அத்தான் மாதிரி 😄

சித்தப்பா, 7:16
ரகு, நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்.

நிலா, 7:20
சீக்கு இல்ல சித்தி. இறகை உப்பிக்கிட்டா நடுவுல காத்து அடைஞ்சு நிக்கும், சூடு வெளிய போகாது. கிட்ட போனாலும் பறக்காம, பகல் பூரா கண்ணைச் சொருகிக்கிட்டு இருந்தாத்தான் கவலைப்படணும்.

வசந்தி சித்தி, 7:23
கதவைத் திறந்தேன், பறந்துடுச்சு. அப்பாடா. ரொட்டி பிச்சுப் போட்டு வச்சிருக்கேன், வந்து தின்னட்டும்.

நிலா, 7:27
ரொட்டி வேணாம் சித்தி. வயிறு ரொம்பும், தெம்பு வராது. பட்டாணிக்குருவி மாதிரி சின்னதுங்க கடுங்குளிர்ல ஒரே ராத்திரியில உடம்பு எடையில 10 சதவீதம் வரைக்கும் எரிச்சுடும். விடிஞ்சதும் அதைத் திரும்பச் சேர்த்தாகணும், பகலும் இப்ப ரொம்பக் குட்டை. அதனால கொழுப்புள்ள தீனிதான் வேணும். சூரியகாந்தி விதை, வேர்க்கடலை மாதிரி. விடிஞ்சதும் ஒரு தடவை, இருட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை போடுங்க.

வசந்தி சித்தி, 7:29
உப்புக்கடலைதான்டி இருக்கு. கழுவிப் போடவா?

நிலா, 7:30
வேண்டவே வேண்டாம். உப்பு அதுங்களுக்கு ஆகாது. பூசணம் பிடிச்ச கடலையும் கூடாது, அந்த நஞ்சு குருவியைக் கொன்னுடும்.

பாட்டி, 7:34
[குரல் பதிவு 0:41]

கார்த்தி, 7:36
கேட்டேன். கறி வறுத்த சட்டியில தங்குற கொழுப்பை ஊத்தி வைக்கலாமான்னு பாட்டி கேக்குறாங்க. மீதி 30 செகண்ட் இருமல்.

நிலா, 7:38
வேணாம் பாட்டி, அது இறகுல பிசுபிசுன்னு ஒட்டிக்கும். அப்புறம் குளிரும் தாங்காது, ஈரமும் தாங்காது. இருமலுக்கு மருந்து சாப்பிட்டீங்களா?

சித்தப்பா, 8:02
தண்ணித் தட்டு கல்லா உறைஞ்சு கிடக்கு.

ரகு மாமா, 8:04
ஒரு கை உப்பு போடுங்க அத்தான். பனி பெஞ்சா ரோட்டுக்கே அதானே போடறாங்க.

நிலா, 8:05
மாமா!!! மேல படிச்சீங்களா இல்லையா?

ரகு மாமா, 8:05
அப்ப காருக்கு ஊத்துற ஆன்டிஃப்ரீஸ்?

நிலா, 8:06
அது சுத்த விஷம். சித்தப்பா, ஐஸைத் தட்டி எடுத்துட்டு வெதுவெதுன்னு தண்ணி ஊத்துங்க. ஒரு பிங்பாங் பந்தை மிதக்க விடுங்க. காத்துல அது ஆடிக்கிட்டே இருந்தா லேசான குளிருக்கு உறையாது. குடிக்க மட்டும் இல்ல, குளிக்கவும் தண்ணி வேணும். இறகு அழுக்கா இருந்தா சூடு நிக்காது.

வசந்தி சித்தி, 8:08
இந்தக் குளிர்ல குருவி குளிக்குதா! இங்க ஒருத்தர் மூணு நாளா…

சித்தப்பா, 8:08
வசந்தி. குரூப்.

கார்த்தி, 8:40
[போட்டோ]
அக்கா, பக்கத்து வீட்டுப் பூனை புதருக்குள்ள பதுங்கி உக்காந்திருக்கு.

நிலா, 8:43
தீனியைப் புதர்ல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி மாட்டுடா. பூனையால ஒரே பாய்ச்சல்ல எட்ட முடியாது, குருவி ஓடி ஒளியவும் புதர் பக்கத்துலயே இருக்கும். கடையில குருவிக்குன்னு விக்கிற கொழுப்பு உருண்டை வாங்கினா, மேல சுத்தியிருக்கற வலையை உரிச்சுடு, குருவி கால் மாட்டிக்கும்.

சித்தப்பா, 8:50
கூட்டுப் பெட்டி காலியாத்தான் தொங்குது. கழட்டி ஷெட்ல வச்சிடவா?

நிலா, 8:54
கழட்டாதீங்க! ராத்திரி உள்ள போய் ஒட்டி உக்காந்துக்கும். 1969-ல இங்கிலாந்துல, நார்ஃபோக்ல, ஒரே பெட்டிக்குள்ள 61 குருவி இருந்திருக்கு. ரென்னு சொல்ற குட்டிக் குருவி.

ரகு மாமா, 8:55
நாம ஒரே கார்ல ஒன்பது பேர் போனோமே, அப்படி.

நிலா, 9:01
கூட்டம் சேர்ந்தா சீக்கும் பரவும். வாரம் ஒரு தடவை தண்ணித் தட்டு, தீனி மாட்டுற கூண்டு எல்லாம் தேச்சுக் கழுவிக் காயவச்சுட்டு, கையையும் கழுவுங்க. சோர்ந்துபோன குருவி தென்பட்டா ரெண்டு வாரம் தீனி வைக்காதீங்க, கூட்டம் கலையட்டும்.

கார்த்தி, மாலை 3:48
என் பிங்பாங் பந்து எங்க?

சித்தப்பா, 3:49
மிதக்குது.

வசந்தி சித்தி, 3:55
காலையில பார்த்ததே, அதே உப்பின குருவி, தட்டு விளிம்புல வந்து உக்காந்துச்சு! போட்டோ எடுக்கப் போனேன், இவர் தும்மிட்டார்.

சித்தப்பா, 3:56
குளிச்சுட்டு வந்தேன். அதான் தும்மல்.