6 மில்லி எங்கே போச்சு? பழைய கார் மேனுவல் தேடிய கதைகள்

சத்துவாச்சாரி ஹெரால்டு:

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டே, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று. சாமி 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றில் 2021-ல் வெள்ளமே பார்த்தாச்சு. எங்கள் வீட்டு மேனுவல் இல்லாத கார் மட்டும் நாலு வருஷமாக அப்படியே நின்றது.

மாமா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டையே மெட்ராஸில் செய்த வண்டி. இன்ஜினைப் பிரிக்கும் முன் கையில் மேனுவல், அதாவது ரிப்பேர் புத்தகம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஆன்லைனில் ஒருவரிடம் 1,400 ரூபாய்க்கு ஒரு பி.டி.எஃப் வாங்கி, பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் வரைக்கும் செய்தேன். அட்டையில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று பெரிசாக இருந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

பிஸ்டன் ஓடும் துளையைக் கடைந்து சரிசெய்ய இன்ஜின் பிளாக்கை லேத்துக்கு எடுத்துப் போனேன். அந்தத் துளையின் அகலத்தைத்தான் போர் என்பார்கள். லேத் பெரியவர் போர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தார். என் புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார். "புக்குல 69.3னு கீது. வண்டியில 63 தாண்டி கொஞ்சம்தான் வருது. 6 மில்லி எங்க போச்சு தம்பி?" என்றார்.

எங்கேயும் போகவில்லை. ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தபோது 948 சிசி. 1961-லேயே அங்கே 1147 சிசி இன்ஜினைப் போட்டு 1200 என்று விற்க ஆரம்பித்துவிட்டார்கள். நம்ம மெட்ராஸ் ஹெரால்டு கடைசி வரை 948-தான். எனக்கு வந்தது 1200-இன் புத்தகம். இதில் இன்னொரு வில்லங்கம், இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், ஒன்றே, 76 மில்லி. அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பியிருந்தேன். நல்லவேளை, பிஸ்டன் செட்டுக்குப் பணம் கட்டவில்லை.

கதவுப் பக்கங்களும் உதவவில்லை. அங்கே சலூன் வகைக் கார் என்றால் இரண்டு கதவு. என்னுடையது இங்கே பிற்பாடு வந்த நாலு கதவு வண்டி.

ஆனால் அந்தப் புத்தகத்தைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். முன் சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் அடியில் ட்ரனியன் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அதன் மரைதான் சுழன்று கொடுக்கும். அதில் கியர் ஆயில்தான் விடணும் என்று புத்தகம் அடித்துச் சொல்கிறது. இங்கே எல்லாப் பட்டறையிலும் அதற்கு கிரீஸ்தான் அடிப்பார்கள். என் வண்டியிலும் உள்ளே இருந்த கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. எண்ணெய் போகாமல் அந்த மரை தேய்ந்தால், ஒருநாள் ஏதாவது திருப்பத்தில் உடைந்து சக்கரம் மடங்கிவிடும். 948-க்கும் 1200-க்கும் அந்தச் சமாச்சாரம் பொது. தப்பான புத்தகம்தான், ஆனால் அந்த ஒரு பக்கத்துக்கே 1,400 ரூபாய் தகும்.

அப்புறம் சரியானது கிடைத்த கதை. காகிதப்பட்டறையில் ஒரு பழைய பேப்பர் கடை. ஊர்ப்பேர் வேலை செய்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில் வாராவாரம் போய் நச்சரித்ததில், கடைக்காரர் நான் வந்தாலே மூட்டையை என் பக்கம் தள்ளிவிடுவார். ஐந்தாவது மாதம் ஹெரால்டு ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக் வந்தது. முன்னட்டை இல்லை, கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது, எடைக்கு 60 ரூபாய்.

ஒர்க்‌ஷாப் மேனுவலைவிட எனக்கு அதுதான் பெரிய வாத்தியார். எதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் இருக்காது. ஆனால் கியர்பாக்ஸைப் பிரித்துக் காற்றில் மிதக்க விட்ட மாதிரி படம் போட்டிருப்பார்கள். எந்த வாஷர் எதற்கு முன்னால், எந்த ஸ்பிரிங் எதற்குப் பின்னால் என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். முன்பு யாரோ பிரித்து மாட்டிய என் பெட்டியில் ஒரு வாஷரே இல்லை என்பதை அந்தப் படத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

உங்களுக்கெல்லாம் எங்கே கிடைத்தது?

குடியாத்தம் பத்மினி:

அண்ணா, இதே கதை ஃபியட்டிலும் உண்டு. இத்தாலியில் 1100டி என்றால் 1221 சிசி. நம்ம பம்பாய் 1100டி, பின்னாடி பத்மினி என்று பேர் மாறியது, 1089 சிசி. பேர் ஒன்று, போர் வேறு. அங்கே 72 மில்லி, இங்கே 68. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 75, உங்களுக்கு வைத்த அதே பொறி! எனக்கு வண்டியோடு வந்த ஓனர் கையேடு காப்பாற்றியது. சிசி, போர் எல்லாம் அதன் பின்பக்கத்திலேயே இருந்தது. பெரிய மேனுவலுக்கு முன்னால் அந்தச் சின்ன புத்தகத்தை வீட்டில் தேடுங்கள். எங்கள் வீட்டில் அது அரிசி டப்பா அடியில் இருந்தது.

ஆம்பூர் அம்பாசடர்:

நான் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவன் என்றுதான் நினைத்தேன். அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. அதன் 1489 சிசி இன்ஜின் எம்.ஜி.ஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. அதனால் இன்ஜினுக்குப் புத்தகப் பஞ்சமே இல்லை.

வயரிங்கில்தான் மாட்ட இருந்தேன். மோரிஸ் புத்தகத்தில் பேட்டரியின் பாசிட்டிவ் பாடிக்குப் போகிறது. 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் அதுதான் வழக்கம். என்னுடையது பிற்பாடு வந்த மார்க் 4 மாடல். குனிந்து பார்த்தால் பாடிக்குப் போவது நெகட்டிவ். படத்தை நம்பி மாட்டியிருந்தால் புகைதான் வந்திருக்கும். வயர் நிறம் மட்டும் அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் அதே கணக்குதான்: பேட்டரியிலிருந்து வருவது பிரவுன், இக்னிஷன் வெள்ளை, ஃபியூஸுக்கு அப்புறம் பச்சை, எர்த் கறுப்பு. முந்தைய எலக்ட்ரீஷியன் கைக்குக் கிடைத்த சிவப்பு வயரை எல்லா இடத்திலும் போட்டிருந்தார் என்பது தனிக் கதை.

எனக்கு மேஸ்திரி ஒரு பாய். அவரிடம் ஒரு நோட்டு உண்டு, முழுக்க உருதுவில். பழைய வண்டி ஒவ்வொன்றுக்கும் அளவு எழுதி வைத்திருக்கிறார். "பாய், புக் இருக்கிறதே, இது எதுக்கு?" என்று கேட்டேன். "புக் வெளிநாட்டில படிச்சது பா, இது நம்ம வெயில்ல படிச்சது" என்றார். அதைக் கேட்டு நான் கொஞ்சம் அடங்கிப் போனேன்.

அவரே ஒருமுறை என்னைக் காப்பாற்றினார். ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரில் திறந்து மூடும் பாயின்ட்டின் கேப் (இடைவெளி) 0.015 என்று புத்தகத்தில் இருந்தது. அது அங்குலம், பட்டறைப் பேச்சில் 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. நான் இடைவெளி அளக்கும் மில்லிமீட்டர் ஃபீலர் கேஜில் 0.15 தகட்டை விட்டு வைத்துவிட்டேன். சரியானது 0.38. வண்டி இருமியது, திணறியது, பாயின்ட் கருகியது. நான் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். பாய் வந்து மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை ஜீப்:

ஜெராக்ஸ் மேனுவல் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மோரிஸ் மாதிரி பி.எம்.சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) புத்தகங்களில் இன்ஜினுக்கு ஏ, இக்னிஷனுக்கு பி என்று எழுத்து வைத்துப் பகுதி பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பக்க எண் 1-லிருந்து வரும். மொத்தப் பக்கத்தை எண்ணாதீர்கள், பகுதி பகுதியாகப் பாருங்கள். அப்புறம் மடித்து வைத்த வயரிங் படம். ஸ்கேன் செய்கிறவர் மடிப்பைப் பிரிக்கச் சோம்பல் பட்டு பாதியோடு விட்டிருப்பார். காசு கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

50 வருஷம் தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதிய நினைப்பவர்களுக்கும் கேட்லாக் உதவும். பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்கணும் என்கிறார்கள். எது அசல், எது பிற்பாடு ஒட்டியது என்று நமக்கே முதலில் தெரிய வேண்டுமே.

சத்துவாச்சாரி அண்ணா, அந்த கேட்லாக் ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா? வண்டி ஜீப்தான், ஆனால் மச்சான் ஒரு ஹெரால்டு வாங்கப் போகிறேன் என்று மிரட்டிக்கொண்டிருக்கிறான்.

சத்துவாச்சாரி ஹெரால்டு:

தாராளமாக. முன்னட்டை மட்டும் கேட்காதீர்கள். மச்சானிடம் ட்ரனியனுக்கு கிரீஸ் அடிக்காதே என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

போன வாரம் லேத்துக்குப் போயிருந்தேன். என்னுடைய அந்த 69.3 பக்கத்தைப் பெரியவர் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அதன் கீழே சாக்பீஸில் எழுதியிருக்கிறது: "நம்ம வண்டி 63."