மார்த்தாண்டம் பக்கத்து ‘ற்ற’வை ஐபிஏ (பன்னாட்டு ஒலிப்பு எழுத்து) குறியில் எழுதுவது எப்படி?

குழித்துறைக்கரை:
விளவங்கோடு வட்டாரப் பேச்சுச் சொற்களைத் தொகுக்கிறோம். பெரியவர்கள் சிலர் ‘காற்று’, ‘பற்று’ சொல்லும்போது ற்ற-வில் நாக்கு அதிர்வதில்லை. மலையாளத்தில் போல ஒரே இடத்தில் ஒட்டி விலகுகிறது. தொகுப்பில் ஒருவர் இதை ட்ட-வுக்கு உரிய குறியால் எழுதுகிறார். இன்னொருவர் இரண்டு ‘ஆர்’ போட்டு அடியில் கோடு இழுக்கிறார். எது சரி? வேர்டில் தட்டும் வழியும் வேண்டும்.

நாஞ்சில் ஒலியன்:
இரண்டும் சரியில்லை. அடிக்கோட்டு ‘ஆர்’ தமிழ் லெக்சிகன் அகராதி வழி எழுத்துப்பெயர்ப்பு. எந்த எழுத்து என்று சொல்லுமே தவிர, எந்த ஒலி என்று சொல்லாது. ஐபிஏ-வில் வெறும் ‘ஆர்’ என்றாலே நாக்கு அதிரும் ஆடொலி. அடியில் சிறுகோடு போட்டால் நாக்கு பின்தள்ளியது என்று வேறு பொருளாகிவிடும்.

நீங்கள் சொல்வது நுனியண்ணத் தடையொலி (மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈற்றில் நாநுனி ஒட்டிக் காற்றை அடைத்து விடுவது). யாழ்ப்பாணத் தமிழிலும் உண்டு. குறி, சாதாரண சிறிய ‘டி’தான் (ஆங்கில அகரவரிசையின் 20ஆம் எழுத்து). இரட்டிப்பதால் பக்கத்தில் நீட்டல் குறி, எண் 720 (எண்ணைத் தட்டும் முறை கீழே). அந்த இடத்தில் முக்காற்புள்ளி போடாதீர்கள், தேடும்போது சிக்காது. ‘பத்து’வின் த்த-வுக்கு அதே ‘டி’யைத் தட்டி, பிறகு பல்குறி (பல்லில் ஒட்டும் ஒலி என்று காட்ட எழுத்தின் அடியில் வரும் குறி) 810, முன்னால் தட்டினால் முந்தைய எழுத்தில் போய் ஒட்டும். ‘பட்டு’வின் ட்ட-வுக்கு வால் வளைந்த ‘டி’, 648. தனி ர வருடொலி (நாக்கு ஒருமுறை தட்டி விலகுவது), 638.

வேர்டில் நம்லாக் போட்டு, ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண்பலகையில் இந்த எண்ணைத் தட்டுங்கள். எழுத்துரு சாரிஸ் எஸ்ஐஎல் அல்லது டூலோஸ் எஸ்ஐஎல் வையுங்கள். வேறு சில எழுத்துருக்களில் பல்குறி இடம் தவறி நிற்கலாம்.

‘ஆங்கில டைம்-இல் வரும் ஒலி’ என்று தொகுப்பாளர்களுக்கு விளக்கவே கூடாது. நம் வாயில் அது ட-வாகத்தான் வரும், அந்தக் குழப்பத்தில்தான் முதலாமவர் 648 போட்டிருப்பார்.

தொல்காப்பியப் பிறப்பியலும் ற, ன இரண்டுக்கும் நாநுனி அண்ணத்தை ‘ஒற்ற’ என்கிறது. ர, ழ-வுக்கு ‘வருட’. உங்கள் பெரியவர்கள் பேசுவது அந்த ஒற்றல்தான்.

பத்மநாபபுரம்77:
குறிக்கு முன்னால் பதிவைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் சுருக்கப்பட்டது, தடை விடுபடும் நொடியின் நுண்விவரம் போய்விடும். 44100 ஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம், டபிள்யூஏவி கோப்பு. பேச்சொலியை ஆயும் பிராட் மென்பொருளில் திறந்து, ஒலிவரைபடத்தின் (ஸ்பெக்ட்ரோகிராம்) சாளர நீளம் 0.005 நொடி வையுங்கள். ஆடொலி என்றால் சின்னச் சின்ன அடைப்புகள் அடுத்தடுத்து வரும், நொடிக்கு 25–30 வீதம். தடையொலி என்றால் ஒரே வெற்றிடம், முடிவில் ஒரு வெடிப்புக் கோடு. ற்ற-வா ட்ட-வா என்ற சந்தேகத்துக்கு முந்தைய உயிரின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்: ட்ட-வுக்கு முன் மூன்றாம் ஃபார்மன்ட் (ஒலிவரைபடத்தில் தெரியும் கரிய அதிர்வெண் பட்டை) இறங்கி இரண்டாவதை நெருங்கும். விடுபட்ட பிறகு அந்த வேறுபாடு மங்கிவிடும், அங்கே தேடினால் ஏமாறுவீர்கள்.

இன்னொன்று, சொல்லை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூட உச்சரிப்பு வந்துவிடும். ‘துணி எதனால பறக்குது?’ என்று கேட்டு வாங்குங்கள். ‘காத்து’ என்று த்த-வோடு வந்தால் அதையும் தனியே குறியுங்கள், ற்ற-வோடு சேர்க்க வேண்டாம்.

குழித்துறைக்கரை:
நன்றி. நாக்கு படும் இடத்தை நேரே பார்க்க வழி உண்டா? ன்ற-வுக்கு என்ன குறி?

நாஞ்சில் ஒலியன்:
உண்டு. மருந்துக்கடைக் கரித்தூளும் ஆலிவ் எண்ணெயும் சம அளவு குழைத்து, தூரிகையால் நாக்கு நுனியிலும் விளிம்பிலும் பூசுங்கள். ஒரே ஒரு சொல்லை ஒரே முறை சொல்லவைத்து, எச்சில் விழுங்குமுன் வாயில் கண்ணாடி வைத்து மேலண்ணத்தைப் படம் எடுங்கள். பத்து, பற்று, பட்டு மூன்றும் இதற்குத் தோது. ப உதட்டொலி என்பதால் கறை போடாது. ‘சுற்று’ கூடாது, ச-வின் கறையும் விழும். ஒவ்வொரு சொல்லுக்கும் வாய் கொப்பளித்து மறுபடி பூச வேண்டும். பல்செட் போட்டவர்களிடம் இந்தச் சோதனை பயன்படாது.

ன்ற-வில் மலையாள ‘என்டெ’ போல ஒலித்தால் சாதாரண ‘என்’ போட்டு, பக்கத்தில் மேலே சொன்ன ‘டி’யின் குரலொலி இணையை, அதாவது ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்தைப் போடுங்கள். ‘மூணு’ என்று வந்தால் ண-வுக்கான 627. எல்லாவற்றையும் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். சாய்கோடு, ஒலியனை (பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகை) முடிவு செய்த பிறகு போடுவது.