ஊசுட்டேரியிலும் பிச்சாவரத்திலும் ஹாம் ரேடியோ: போகலாமா, கூடாதா?

முத்தியால்பேட்டை ரேடியோ:
உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம்களில் நானும் ஒருவன். வீட்டு மாடியில் ரேடியோவை 7 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் இரைச்சலைத் தவிர வேறெதுவும் காதில் விழுவதில்லை. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு, மொபைல் சார்ஜர் எல்லாம் சேர்ந்து சிக்னல் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டர் முள்ளை மேலேயே நிறுத்திவைக்கின்றன. அதே ரேடியோக் கருவியையும் ஒரு சின்ன பேட்டரியையும் ஊருக்கு வெளியே எடுத்துப் போனால் முள் இறங்கிவிடுகிறது. வெறும் 5 வாட்டில் யாரோ அனுப்புகிற மோர்ஸ் கூடத் தெளிவாகக் கேட்கிறது. அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இயற்கைக் காப்பிடங்களில் உட்கார்ந்து பேசுவதற்கென்றே உலக அளவில் விருதுத் திட்டங்கள் நடக்கின்றன. ஓர் இடம் கணக்கில் வர, பார்க்ஸ் ஆன் தி ஏர் திட்டத்தில் அங்கிருந்து 10 தொடர்புகள் போதும். வேர்ல்டு வைடு ஃப்ளோரா அண்டு ஃபானாவில் 44 வேண்டும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். முறைப்படி அனுமதி வாங்கி புதுச்சேரிக்குப் பக்கத்து ஊசுட்டேரிக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கும் குழுவாகப் போகலாம் என்று நினைக்கிறேன். யார் யார் வருகிறீர்கள்?

பாகூர் பறவைநோக்கி:
வேண்டாம் சார். நீங்கள் சொல்கிற அந்த நான்கு மாதம்தான் வலசைப் பறவைகளுக்கும் சீசன். ஊசிவால் வாத்தும் நாமக்கோழியும் கூட்டமாக இறங்கியிருக்கிற நேரம். ஊசுட்டேரியை 2008-லேயே புதுச்சேரி அரசு சரணாலயமாக அறிவித்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28 பிரிவுகள்படி உள்ளே போவதே அனுமதிக்கு உட்பட்டது. பொழுதுபோக்குக்காக டிரான்ஸ்மிட்டரோடு போகிறோம் என்று கேட்பதே சரியில்லை.

இன்னொன்று. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்து ஆய்வு 2014-ல் நேச்சர் இதழில் வந்தது. நகரத்து மின்காந்த இரைச்சலில் ராபின் பறவைகளால் திசை பிடிக்க முடியவில்லை. அவை இருந்த மரக்குடிலை அலுமினியத் தகட்டால் மூடி எர்த் கொடுத்த பிறகுதான் அவற்றின் உடலில் இருக்கும் திசைகாட்டி வேலை செய்தது. உங்கள் ஆன்டெனாவை அந்த ஏரிக்கரையிலேயே கொண்டுவந்து நடுவது நியாயமா?

தேவனாம்பட்டினத்தான்:
நல்ல ஆய்வுதான், நானும் படித்தேன். ஆனால் அதில் குற்றவாளி 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடந்த இரைச்சல். நாம் பேசுவது 7 மெகாஹெர்ட்ஸிலும் 14-லும், அதுவும் மிகக் குறுகிய அலைவரிசையில், விட்டு விட்டு. பறவையைக் குழப்பிய அதே இன்வெர்ட்டர், சார்ஜர் வகை இரைச்சலிலிருந்து தப்பித்துத்தான் நாமும் வெளியே ஓடுகிறோம். இந்த விஷயத்தில் ஹாம்களும் பறவை ஆர்வலர்களும் ஒரே கட்சியில் இருக்க வேண்டியவர்கள்.

பாகூர் பறவைநோக்கி:
5-க்கு மேல் ஒன்றுமில்லை என்று கோடு போட முடியாது அண்ணா. 2022-ல் அதே ஓல்டன்பர்க் குழு, 75 முதல் 85 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சலும் இரவில் வலசை போகும் சிறு பறவைகளின் திசைகாட்டியைக் கெடுக்கிறது என்று காட்டியது. சரி, அதுவும் கூண்டுக்குள் பரந்த இரைச்சலை வைத்துச் செய்த சோதனை. 5 வாட்டில் ஒரு மணி நேரம் பேசினால் என்ன ஆகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த வாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெரிய கவலை கயிறுதான். எடை கட்டிய நைலான் நூலைக் கிளைக்கு மேல் எறிந்து, அதன் வழியே ஆன்டெனா ஒயரை இழுத்து ஏற்றுகிறீர்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்கான டைபோல் (இருபக்க ஒயர் ஆன்டெனா) என்றால் கிட்டத்தட்ட 20 மீட்டர் நீளம். ஏரிக்கரைக் கருவேல மரத்தில் நூல் மாட்டிக்கொண்டால் அறுத்து விட்டுவிட்டுத்தானே வருவீர்கள்? பாகூர் ஏரியில் ஒரு நீர்க்காகத்தை அப்படிப் பார்த்தேன். காலில் நூல் நாலைந்து சுற்று இறுகி, தோல் வெளுத்து, விரல்கள் பின்னால் மடிந்து கிடந்தன. அது மீன்பிடி நூல், ஹாம் யாரும் போட்டதல்ல. பறவைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கழிமுகம்:
கிள்ளைப் பக்கத்துக்காரன் நான். பிச்சாவரத்தில் மரத்தில் நூல் எறிகிற வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே தில்லை மரங்கள் உண்டு. கிளை முறிந்தால் பால் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை மங்கி எரிச்சலில் துடிக்க வேண்டியதுதான், தோலில் பட்டால் கொப்புளம். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். சேற்றில் இறங்கி நின்றால் மூச்சு வேர்களை மிதித்து முறித்துவிடுவீர்கள்.

பிச்சாவரம் சரணாலயம் அல்ல, காப்புக்காடு. 2022-லிருந்து ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. அங்கேயும் வனத்துறையைக் கேட்காமல் எதுவும் நடக்காது. எனக்கு ரேடியோவைப் பற்றி அதிகம் தெரியாது. உப்புத் தண்ணீர் ஓரத்தில் செங்குத்து ஆன்டெனா வைத்தால் அலை தாழ்வாக வெகுதூரம் போகும் என்று ஒரு ஹாம் நண்பர் சொன்னார். அப்படியானால் கடற்கரை மணலில் ஒரு ஃபைபர் கம்பை நட்டுப் பேசலாமே, காட்டுக்குள் எதற்கு வரவேண்டும்?

முத்தியால்பேட்டை ரேடியோ:
மரம் வேண்டாம் என்பதை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். மடக்கு ஃபைபர் கம்பு, அதோடு கண்ணில் படும்படி மஞ்சள் ஒயர். நூல் எறிகிறவர் என் குழுவில் வரக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் கழிமுகம், வெளியே உட்கார்ந்தால் அந்தத் திட்டங்களில் கணக்கில் வராது. ஆளும் ஆன்டெனாவும் பேட்டரியும் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

விருதுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழுவினர் ஹாம் ரேடியோ இயக்கத்தான் போர்ட் பிளேர் போயிருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்ததும் அதே கருவிகள் வழியாக அந்தமானிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி போனது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் நம் கடலூரையும் புதுச்சேரியையும் தானே புயல் புரட்டிப்போட்டது, 2024-ல் ஃபெங்கலும் வந்தது. மின்சாரமும் டவரும் இல்லாத இடத்தில் பத்து நிமிடத்தில் நிலையம் அமைக்கப் பழகியிருக்க வேண்டாமா?

பாகூர் பறவைநோக்கி:
பழகுங்கள், கட்டாயம் பழகுங்கள். ஆனால் புயல் வந்தால் நீங்கள் உட்காரப் போவது பள்ளிக்கூட முகாமில், கலெக்டர் அலுவலகத்தில். அங்கே போய்ப் பழகுங்கள். நாமக்கோழிக்கு நடுவில் பழகுவது புயலுக்கு உதவாது.

லாஸ்பேட்டை மாணவி:
நான் இன்னும் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பறையில் பார்த்த ரேடியோ எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு திடலில் வெயிலில் உட்கார்ந்து கேட்டபோதுதான் பிடித்தது. அதனால் வெளியே போவதை மொத்தமாகத் தடுக்காதீர்கள். கடலூர் கேப்பர் மலை சரிப்படாதா? உயரமான இடம், சரணாலயமும் இல்லை.

தேவனாம்பட்டினத்தான்:
உயரம் சரிதான் அம்மா. ஆனால் அங்கே மத்திய சிறை இருக்கிறது. கம்பும் ஒயருமாகப் போய் உட்கார்ந்தால் போலீஸ் வரத்தான் செய்யும். உரிம நகலோடு முன்கூட்டியே காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்துவிட்டுப் போகலாம். எந்த இடமானாலும், உரிமத்தில் உள்ள முகவரியை விட்டு வெளியே இயக்குவது பற்றி உரிமம் தரும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவில் கேட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஊசுட்டேரிக்கு வலசை முடிந்து ஏப்ரலில் போங்கள் என்பது என் கருத்து.

முத்தியால்பேட்டை ரேடியோ:
ஏப்ரல் வெயிலில் கரையில் யார் உட்காருவது?

தேவனாம்பட்டினத்தான்:
ஹாம்கள் நாள் கணக்கு வைக்கிற யு.டி.சி. (உலகப் பொது நேரம்) படி, நம் காலை 5.30-க்கு நாள் பிறக்கிறது. 6 மணிக்குத் தொடங்கினால் 8 மணிக்குள் 7 மெகாஹெர்ட்ஸில் நம் நாட்டு ஆட்களே 10 பேர் கிடைப்பார்கள். 44-ஐ ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை, பல தடவையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பாகூர் பறவைநோக்கி:
ஏப்ரல் என்றால் எதிர்க்க மாட்டேன். ஆனால் ஏரியில் கூடு கட்டுகிற உள்ளூர்ப் பறவைகளும் உண்டு. கம்பை எங்கே நடுவது என்பதை வனக்காவலர் காட்டட்டும், நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிச்சாவரத்துக்கு இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முத்தியால்பேட்டை ரேடியோ:
பிச்சாவரத்தை நான் விடுவதாக இல்லை. படகுத்துறைக் கரையிலிருந்தாவது அனுமதி கேட்டுப் பார்ப்பேன். ஊசுட்டேரிக்கு ஏப்ரல் என்றே விண்ணப்பம் எழுதுகிறேன். கம்பு நடும் இடத்தை வனத்துறையே காட்டும் என்பதையும் அதில் சேர்க்கிறேன். அனுப்பும் முன் வரைவை இங்கே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.