சமோவாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம்: அங்கே நம் கத்தோலிக்கக் கோவில், பூசை எல்லாம் எப்படி?

ஆரோக்கியம் (உவரி):

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கட்டுமான வேலையாகப் பசிபிக் தீவு நாடான சமோவாவின் தலைநகர் ஆப்பியாவுக்குப் போகிறேன். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மனைவியும் ஒன்பது வயது மகளும் கூட வருகிறார்கள். மகள் இந்த ஆண்டு ஊரில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டியவள். இனி அது அங்கேதான் நடக்க வேண்டும். அந்தோனியார் கோவில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அது முழுக்கப் புரோட்டஸ்டன்ட் நாடு, கத்தோலிக்கர்கள் எங்கோ ஒரு மூலையில்தான் இருப்பார்கள் என்று ஒருவர் சொல்கிறார். மாலையில் சாலையில் நடந்தால் பிடித்து நிறுத்துவார்கள் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

வில்சன் (ஆக்லாந்து):

நான் தீவுக்குப் போனதில்லை. ஆனால் இங்கே என் பங்குக் கோவிலில் பாதிப் பேர் சமோவா மக்கள். ஆர்கன் இல்லாமலே நான்கு குரலில் பிரித்துப் பாடுவார்கள். பாட்டு தொடங்கியதும் கைக்குழந்தைகள்கூட அடங்கிவிடும். ஸ்டெல்லா டீச்சர் அங்கே இருந்தவர். அவர் பதில் வரட்டும்.

ஸ்டெல்லா டீச்சர் (நாகர்கோவில்):

தம்பி ஆரோக்கியம், ஆப்பியா இருக்கும் உபோலு தீவில் ஆறு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். என் வாழ்நாளில் நான் நன்றாகச் செபிக்கக் கற்றுக்கொண்ட இடம் அது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். சமோவாவில் சபைகள் பல. எண்ணிக்கையில் பெரியது, 1830-ல் லண்டன் மிஷனரிகள் தொடங்கிவைத்த காங்கிரிகேஷனல் என்ற புரோட்டஸ்டன்ட் சபை. கத்தோலிக்கர்கள் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் அது மூலை அல்ல, தம்பி. பேராலயம் ஆப்பியாவின் கடற்கரைச் சாலையில், முலிவாயில் நிற்கிறது. பழையதை இடித்துவிட்டுக் கட்டிய புதிய ஆலயத்தை 2014-ல் திறந்தார்கள். உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். அந்த மரக்கூரை வேலைப்பாட்டை உங்களைப் போலக் கட்டட வேலை தெரிந்தவர் சும்மா கடந்து போக முடியாது. முதல் பொலினேசியக் கர்தினாலும் இந்த நாட்டவர்தான்: பியோ தவோஃபினூ. 1973-ல் கர்தினால் ஆனார். 1978-ல் நடந்த இரண்டு திருத்தந்தைத் தேர்தல்களிலும் வாக்களித்தார்.

சாலையில் நிறுத்துவது உண்மைதான். அதன் பெயர் ‘சா’. பொழுது சாயும் நேரத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் குடும்பச் செபம் அது. எங்கள் கிராமத்தில் பலாமரத்தைப் போன்ற ஈரப்பலா மரம் ஒன்றில் காலியான கேஸ் சிலிண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பையன் இரும்புக் கம்பியால் அதை அடிப்பான். முதல் அடிக்கு எல்லாரும் வீடு திரும்ப வேண்டும். இரண்டாவதற்குச் செபம் தொடங்கும். மூன்றாவதற்கு முடியும். இடையில் பத்து இருபது நிமிடம் ஊரே அடங்கிக் கிடக்கும். லாவாலாவா என்ற இடுப்புத்துணி கட்டிய இளைஞர்கள் சாலையோரம் நின்று, நடமாடுகிறவர்களை உட்காரச் சொல்வார்கள். அவ்வளவுதான். எந்தச் சபை வீடாக இருந்தாலும் அந்த நேரத்தில் செபம் உண்டு. கத்தோலிக்க வீட்டில் அது செபமாலையாக இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஆப்பியாவில் வீடு பார்த்ததும் பங்கு அலுவலகத்தைத் தேடி ஓடாதீர்கள். உங்கள் பகுதியின் ‘ஃபெசோவாசோவானி’ யார் என்று கேளுங்கள். சொல்லுக்கு ‘உதவி செய்பவர்’ என்று பொருள். நம் பக்கம் உபதேசியார் என்போமே, அவர்தான். நம் ஊர்களில் உபதேசியாரின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அங்கே அவர்தான் கோவிலின் முதுகெலும்பு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே பயிற்சி பெற்று, கோவிலை ஒட்டிய வீட்டில் குடியிருப்பார்கள். பங்குச் சாமியாருக்குப் பல ஊர்கள். அவர் வர முடியாத ஞாயிறுகளில் வாசகம், மறையுரை, நற்கருணை எல்லாம் உபதேசியார் பொறுப்பு. ஊர் அவர்களுக்குச் சோறு போடும். மகளின் புதுநன்மை வகுப்பை அந்த அம்மாவிடம் விட்டுவிடுங்கள். மொழி தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம், குழந்தை உங்களுக்கு முன்னால் பேசிவிடுவாள்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சமோவா மொழியில் மரியாதைச் சொற்கள் தனி அடுக்காக இருக்கின்றன. சாதாரணமாகப் பெயர் என்பதற்கு ‘இங்ஙோவா’. சிலுவை அடையாளம் போடும்போது அதைச் சொல்ல மாட்டார்கள். தலைவர்களின் பெயருக்குரிய ‘சுவாஃபா’ என்ற சொல்லைச் சொல்வார்கள். மகன் என்பதற்கும் அப்படியே, தலைவர் வீட்டுப் பிள்ளைக்கான ‘அலோ’. நாம் பூசையில் ‘வாரும்’ என்று நிறுத்தாமல் ‘எழுந்தருளி வாரும்’ என்கிறோமே, அதே மனசு. இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் அந்தக் கோவில் எனக்கு அந்நியமாக இல்லாமல் போனது.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு குழந்தைகளின் திருநாள். மற்ற நாட்களில் பெரியவர்கள் சாப்பிட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு. அன்று பிள்ளைகளுக்குப் புது வெள்ளை உடை, அவர்களுக்கே முதல் பந்தி. பெரியவர்கள் நின்று பரிமாறுவார்கள். மகளுக்கு வெள்ளை கவுன் ஒன்றை இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.

இளங்கோ:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுபோய் இறக்கிய மதம்தானே இது? அந்த மக்களின் பழைய வழிபாடு போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

ஸ்டெல்லா டீச்சர்:

நியாயமான கேள்வி ஐயா. போனது போனதுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் அல்லர். 1845-ல் மரிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் பிரெஞ்சுச் சாமியார்கள் சமோவாவின் இன்னொரு பெரிய தீவான சவாயியில் இறங்கியபோது, உவேயா என்ற வேறொரு பசிபிக் தீவில் கத்தோலிக்கரான சமோவா உபதேசியார்கள் இருவரும் அதே கப்பலில் வந்தார்கள். மொழி தெரிந்தவர்கள், உறவு தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.

அவர்கள் சேர்ந்த ஊர்களில் ஒன்று ஃபலேயலுப்போ. சவாயியின் மேற்குக் கோடி. இறந்தவர்களின் ஆவி அந்த இடத்திலிருந்துதான் கடலுக்குள் இறங்கி, புலோத்து என்ற மறு உலகுக்குப் போகும் என்பது பழைய நம்பிக்கை. கர்தினால் தவோஃபினூ பிறந்ததும் அதே ஊரில். 1990-ல் வீசிய ஒஃபா புயலில் அங்கிருந்த கத்தோலிக்கக் கோவில் சிதைந்து, ஊரில் பெரும்பகுதி உள்ளே மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. நான் போனபோது கூரையில்லாத சுவர்கள் மட்டும் நின்றன. தரையில் புல். ஆவிகள் போகும் வழி எது என்று என்னை அழைத்துப்போன பெரியவரிடம் கேட்டேன். கையை நீட்டிக் காட்டிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். இரண்டையும் அவர் ஒரே மரியாதையோடு செய்தார்.

இன்னொன்று. இடுப்பிலிருந்து முழங்கால்வரை பச்சை குத்தும் ‘பெயா’ வழக்கத்தை மற்றச் சபைகள் கடுமையாகத் தடுத்த காலத்தில், கத்தோலிக்கர்கள் அவ்வளவு கெடுபிடி காட்டவில்லை. எங்கள் உபதேசியார் பீடத்துக்கு முன்னால் குனிந்து பாயை விரிப்பார். சட்டை மேலே ஏறும்போது, இடுப்பில் அந்தக் கறுப்புக் கோடுகளின் விளிம்பு தெரியும். முதல் முறை பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆரோக்கியம் (உவரி):

டீச்சர், மனசு லேசாகிவிட்டது. என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். உபதேசியார் வீட்டுக்கு முதல் முறை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்? நடந்துகொள்வதில் கவனிக்க வேண்டியது உண்டா?

ஸ்டெல்லா டீச்சர்:

ரொட்டி, பிஸ்கட், டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, எது கொண்டுபோனாலும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். நின்றபடி பேசாதீர்கள், பாயில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. சம்மணம் போட்டு உட்கார வேண்டும், எதிரே இருப்பவரை நோக்கிக் கால் நீட்டுவது பெரிய அவமரியாதை. எனக்கு முதல் நாளே செபமாலையின் மூன்றாம் தேவரகசியத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. அசையவும் பயம். பக்கத்தில் இருந்த பாட்டி செபத்தை நிறுத்தவே இல்லை. ஒரு கையால் மணியை உருட்டிக்கொண்டே, மறு கையால் ஓரத்தில் கிடந்த சின்னப் பாயை இழுத்து என் மடியில் போட்டு, உள்ளே காலை நீட்டிக்கொள் என்று கண்ணால் காட்டினார்.