லினக்ஸ்ல சி படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாமுங்க?

கோபித்தம்பி:
வணக்கமுங்க. உபுண்டு 24.04 போட்டிருக்கு, பைதான் ஓரளவு வரும். இப்ப சி படிக்கோணும். லூப், ஃபங்ஷனோட நிக்காம ஃபைல், ப்ராசஸ், சாக்கெட் வரைக்கும் போகோணும். காலேஜ் புத்தகத்துல முதல் ப்ரோகிராமே கம்பைல் ஆகல, கோனியோ.எச் இல்லைங்குது. ஈரோடு புத்தகத் திருவிழாவுல வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு புத்தகத்துக்கு மேல முடியாதுங்க.

நொய்யல்கரை:
கோனியோ.எச் டாஸ் காலத்து டர்போ சி-யோட சாமான். லினக்ஸ்ல கிடையாது, தேடி இன்ஸ்டால் பண்ணவும் வேண்டாம். கடையில சி புத்தகத்தை எடுத்தா நடுவுல பிரிச்சுப் பாருங்க. வாய்டு மெயின், கெட்ச், திரையைத் துடைக்கிற கிளர்ஸ்கிர் இதெல்லாம் கண்ணுல பட்டா அங்கேயே வெச்சிருங்க. இன்ட்டுக்கு 2 பைட்தான்னு அடிச்சுச் சொல்றதும் அந்தக் கூட்டந்தான்; உங்க மெஷின்ல அது 4. கெட்ஸ் ஃபங்ஷனை 2011 ஸ்டாண்டர்டுலயே தூக்கியாச்சு.

முதல் புத்தகம் கெர்னிகன், ரிட்சி எழுதினது. 1988ல வந்த ரெண்டாம் பதிப்பு, 300 பக்கங்கூட இல்லை. 1978 பதிப்பு உக்கடம் பழைய புத்தகக் கடையில சல்லீசா மாட்டினாலும் எடுக்காதீங்க. அது ஆன்சிக்கு (சி-க்கு வந்த முதல் ஸ்டாண்டர்டு) முந்தினது, ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் எழுதற முறையே வேற.

பெருந்துறையான்:
அண்ணன் சொன்னது சரி. ஆனா அதுலயும் ரெண்டு இடத்துல இடிக்கும், தம்பி. முதல் அத்தியாயத்துல நீளமான வரியைக் கண்டுபிடிக்க கெட்லைன்னு ஒரு ஃபங்ஷன் எழுதுவாங்க. அதே பேர்ல போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான ஸ்டாண்டர்டு) ஃபங்ஷன் ஒண்ணு இப்ப எஸ்டிடிஐஓ.எச் ஹெடருக்குள்ள இருக்கறதால 'கான்ஃப்ளிக்டிங் டைப்ஸ்'னு எரர் வரும். பேரை மாத்துங்க, இல்லாட்டி கம்பைல் பண்றப்ப -எஸ்டிடி=சி11 கொடுங்க. அப்புறம், மெயினுக்கு முன்னால இன்ட் போட்டிருக்க மாட்டாங்க, நீங்க போட்டுக்கோணும். ஜிசிசி கம்பைலர் 14ல இருந்து அது வார்னிங் இல்லை, எரரே.

பில்டு-எசென்ஷியலும் (கம்பைலர்) மேன்பேஜஸ்-டெவ்வும் (ஃபங்ஷன்களோட கையேடு) இன்ஸ்டால் பண்ணிக்குங்க. வெறும் 'மேன் ப்ரிண்ட்எஃப்'னு அடிச்சா ஷெல் கமாண்டுதான் வரும், 'மேன் 3 ப்ரிண்ட்எஃப்'னு கேக்கோணும். ரீட், ஃபோர்க் (புது ப்ராசஸ் உண்டாக்கறது) மாதிரி சிஸ்டம் கால் எல்லாம் கையேட்டோட 2ம் பகுதியில. ஸ்கொயர் ரூட் போட்டு 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' வந்தா கம்பைல் பண்றப்ப -எல்எம் (கணக்கு லைப்ரரி) சேருங்க. சோர்ஸ் ஃபைல் பேருக்குப் பின்னால வரோணும், முன்னால போட்டா உபுண்டுல எடுபடாது.

தாராபுரத்தான்:
ரெண்டாவதுக்கு மைக்கேல் கெரிஸ்க்கோட 'தி லினக்ஸ் ப்ரோகிராமிங் இன்டர்ஃபேஸ்' (2010). 1,500 பக்கத்துக்கு மேல, தூக்கவே ஆள் வேணும், விலையும் கூட. சி சொல்லித் தராது. கெர்னிகன்ல பாயின்டர், ஸ்ட்ரக்ட் முடிச்சுட்டு வாங்க. மொத்தமும் படிக்க வேண்டியதில்லை. ஃபைலுக்கு 4, 5, சிக்னலுக்கு 20ல இருந்து 22, ஃபோர்க் 24ல ஆரம்பிக்குது, சாக்கெட் 56ல. எடுத்துக்காட்டுல வர்ற டிஎல்பிஐ_எச்டிஆர்.எச் அவரோட சொந்த ஹெடர்; சோர்ஸை அவர் தளத்துல இறக்கி மேக் போட்டாத்தான் கம்பைல் ஆகும்.

ஸ்டீவன்ஸ், ரேகோ யூனிக்ஸ் புத்தகத்தோட மூணாம் பதிப்பும் (2013) அருமையானதுதான். ஆனா ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் எல்லாம் சேர்த்துப் பேசும். லினக்ஸ் மட்டும் போதும்னா கெரிஸ்க்.

வேற ஏதாவது புத்தகம் கண்ணுல பட்டா ஃபோர்க் பகுதியைப் பாருங்க. ஃபோர்க்குக்கு முன்னால புது வரியோட ப்ரிண்ட்எஃப் பண்ணினா திரையில ஒரு தடவை வரும், அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பினா ரெண்டு தடவை வரும். திரைன்னா வரி முடிஞ்சதும் பஃபர் (எழுதறதைத் தற்காலிகமா வெச்சிருக்கற இடம்) காலி. ஃபைல்னா நிறையற வரைக்கும் உள்ளேயே கிடக்கும், பிள்ளை ப்ராசஸுக்கும் அந்தப் பஃபர் காப்பி ஆயிரும். இதை விளக்கியிருந்தா அந்தப் புத்தகத்துக்குக் காசு கொடுக்கலாம்.