கலைச்சொல்: மடிக்கணினி ஃப்ளெக்ஸ் கேபிள் – நெகிழ்வடமா, வளைநாடாவா?

தஞ்சாவூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பழைய மடிக்கணினிகளைப் பழுது பார்க்கும் கையேட்டில், வட்டு கேபிள் மாற்றும் பகுதி முடியப்போகிறது. எடுத்துக்காட்டுக்கு 2012-ஆம் ஆண்டு வெளிவந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவை எடுத்திருக்கிறோம். மாடல் எண் ஏ1278. தாய்ப்பலகைக்கும் வட்டுக்கும் நடுவே போகும் பட்டை கேபிள் அந்த மாடலில் அடிக்கடி கெடும் என்பது பழுது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். கடைகளில் ஸ்ட்ரிப், ஃப்ளெக்ஸ் என்கிறார்கள். வரைவில் ‘நெகிழ்வடம்’ என்று போட்டிருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

நாகப்பட்டினத்திலிருந்து:

> அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. அந்தச் சொல்லின் இரண்டு பாதியும் இடறுகிறது.

வடம் என்றதும் நம் பக்கத்தில் திருவாரூர் ஆழித்தேரின் வடம்தான் கண்முன் நிற்கும். முறுக்கியது, உருண்டது, எவ்வளவு இழுத்தாலும் தாங்குவது. இந்தக் கேபிளோ பாலிஇமைடு என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டிய செப்புத் தடங்கள், அவ்வளவுதான். இழுத்தால் போயிற்று.

‘நெகிழ்’ அதைவிட ஆபத்து. நெகிழும் என்று படிப்பவர் எப்படியும் மடிக்கலாம் என்று எடுத்துக்கொள்வார். கணினி உறையின் மூலையில் நகத்தால் அழுத்தி மடித்தால், மடிப்பின் வெளிப்பக்கம் செம்பு இழுபட்டு மயிரிழை விரிசல் விடும். அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகவே ஓடும். பிறகு கணினி சூடாகும்போதும் மேசையில் நகர்த்தும்போதும் தொடர்பு விட்டு விட்டு வரும். பழுது எங்கே என்று தேடுபவருக்கு இதைவிடத் தொல்லை கிடையாது.

தமிழில் வளைப்பது வேறு, மடிப்பது வேறு. கேபிளுக்கு முன்னது ஆகும், பின்னது ஆகாது. அதனால் ‘வளைநாடா’ என்று முன்மொழிகிறேன். வட்டை மாட்டும்போது எந்த இடத்தில் திரும்ப வேண்டுமோ அங்கே ஒரு பால்பாயிண்ட் பேனா ரீஃபிலை வைத்து அதன்மேல் வளைத்தால் போதும், மடிப்பு விழாது.

கும்பகோணத்திலிருந்து:

‘வளை’ பற்றி எனக்கு மறுப்பில்லை. ‘நாடா’வில் இரண்டு சிக்கல்.

முதலாவது, திருபுவனத்துத் தறிக்காரர்களிடம் நாடா என்றால் ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கருவி. இரண்டாவதுதான் பெரிது. கணினித் துறையிலேயே காந்த நாடா இருக்கிறது. பொருள் விளங்கட்டும் என்று யாராவது ‘சேமிப்பக நாடா’ என்று எழுதிவிட்டால், காப்புநகல் எடுக்கும் பழைய நாடாவைத்தான் வாசகர் நினைப்பார். ‘வட்டு நாடா’ என்றாலும் பொருந்தவில்லை. இப்போது உள்ளே மாட்டுவது பெரும்பாலும் எஸ்எஸ்டி, அதாவது சில்லுகளில் தரவை வைக்கும் சேமிப்பகம், அதில் வட்டே இல்லை.

சொல் எதுவானாலும் சோதனைப் பகுதியை மாற்றி எழுதுங்கள். ‘கணினி கிளம்பவில்லை, கேள்விக்குறி போட்ட கோப்புறை தெரிகிறது, ஆகவே கேபிளை மாற்றுக’ என்று வரைவில் இருக்கிறது. வட்டு செத்தாலும் அதே கேள்விக்குறிதான் வரும். முதலில் வட்டைக் கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டு, அதிலிருந்து கணினியைக் கிளப்பிப் பார்க்க வேண்டும். வெளியே ஒழுங்காக ஓடி, உள்ளே மட்டும் தகராறு செய்தால் கேபிள்மேல் சந்தேகம் வலுக்கும்.

அடுத்து, வட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கை. அதில் 199-ஆம் வரி, யூடிஎம்ஏ சிஆர்சி பிழை எண்ணிக்கை. வட்டுக்கும் பலகைக்கும் நடுவே போகும் வழியில் தரவு சிதைந்தால் ஏறுவது இதுதான். வட்டில் கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய பகுதிகளை எண்ணும் 5, 197 ஆகிய வரிகள் ஏறினால் குற்றம் வட்டின்மேல். எல்லா எஸ்எஸ்டியும் 199-ஐக் காட்டாது என்பதையும் ஒரு வரி சேர்க்கவும்.

பழைய ஹார்ட் டிஸ்க் ஓடிய அதே கேபிளில் புது எஸ்எஸ்டி மட்டும் தடுமாறுவது ஏன் என்று பலரும் குழம்புகிறார்கள். எஸ்எஸ்டி விநாடிக்கு 6 கிகாபிட் வேகத்தில் பேச முயல்கிறது. அரைகுறையாகத் தேய்ந்த தடம் 1.5-ஐயோ 3-ஐயோ சமாளிக்கும், 6-ஐச் சமாளிக்காது. லினக்ஸில் கெர்னல் பதிவை, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதிவைக்கும் குறிப்பைப் பார்த்தால் இணைப்பை மீட்டமைத்து மீட்டமைத்து, கடைசியில் வேகத்தை 3-க்கு இறக்கிக்கொள்வது தெரியும். எஸ்எஸ்டி மட்டம் என்று கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து:

தறி நாடாவையும் காந்த நாடாவையும் யாரும் வளைநாடா என்று சொல்வதில்லை. முன்னொட்டோடு சேர்த்தே எழுதுவது என்று விதி வைத்தால் குழப்பம் வராது. கட்டில் நாடா தெரிந்த எவருக்கும் தட்டையான பொருள் என்பது உடனே விளங்கும்.

கடற்கரை ஊர்களுக்காக ஒன்று. உப்புக்காற்றில் இணைப்பியின் முனைகள் மங்கிவிடும். அதை ரப்பர் வைத்துத் தேய்க்கச் சொல்லாதீர்கள், மேலிருக்கும் மெல்லிய தங்கப் பூச்சு போய்விடும். பஞ்சு பிரியாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டினால் போதும்.

தஞ்சாவூரிலிருந்து:

நன்றி. வளைநாடா என்றே மாற்றிவிட்டேன். செய்முறை இப்போது இப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

“கணினியை அணைத்துவிட்டு அடிமூடியின் 10 திருகுகளையும் கழற்றவும். மூன்று நீளமானவை, அவற்றைத் தனியே வைக்கவும். வேறு எதையும் தொடுமுன் பேட்டரி இணைப்பியைப் பிளாஸ்டிக் நெம்பியால் மேல்நோக்கித் தூக்கி விடுவிக்கவும். வட்டைப் பிடித்திருக்கும் சட்டத்தைக் கழற்றி, வட்டைச் சற்றுத் தூக்கி, வளைநாடாவை இணைப்பியில் பிடித்து உருவவும். நாடாவைப் பிடித்து இழுக்கக் கூடாது. பலகைப் பக்க முனை நேர்மேலாக வரும். நாடா உறையோடு பசையால் ஒட்டியிருக்கும், ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கவும். புதிய நாடா படியும் இடத்தில் அலுமினியத்தின்மேல் கப்டன் டேப் (பாலிஇமைடு ஒட்டுப்பட்டை) ஒரு பட்டை ஒட்டவும், உரசல் குறையும். வட்டின் நான்கு பக்கத் திருகுகளைப் புது வட்டுக்கு மாற்ற டி6 டார்க்ஸ் (நட்சத்திர முனைத்) திருப்புளி வேண்டும்.”

இந்த மாடலில் அகச்சிவப்பு உணரியும் உறக்க விளக்கும் இதே நாடாவில்தான் வருகின்றன. அவை இருக்கும் தாங்கியோடு சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. திரைக்குப் போகும் கேபிள் மெல்லிய கம்பிகளின் கட்டு, படலத்தில் பதித்த தடம் அல்ல. அதையும் வளைநாடா என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘திரைவடம்’ என்று விடட்டுமா?

கும்பகோணத்திலிருந்து:

விடுங்கள். அங்கே வடம் சரியாகவே பொருந்துகிறது. செய்முறையின் கடைசியில் மட்டும் இதைச் சேருங்கள்: கேபிளை மாற்றினாலும் 199-இன் பழைய எண் அழியாது. மாற்றிய அன்று அதைக் குறித்து வைத்து, பெரிய கோப்புகளாக நகலெடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண் நின்ற இடத்திலேயே நின்றால் வேலை முடிந்தது. ஏறினால் பலகைப் பக்க இணைப்பியைத் திறந்து பார்க்கவும்.